பிளெய்ட்ஸ் 1.2 ஃபர்ம்வேர்: ஆரஞ்சு வரிசை சொன்னபடி கேட்காதபோது

மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிளெய்ட்ஸ், மாடுலர் சின்தசைசரில் ஒலியைப் பிறப்பிக்கும் ஒரு மாட்யூல். 2018ல் வந்தபோது அதில் 16 ஒலி மாதிரிகள், அதாவது ஒலியை உருவாக்கும் முறைகள், இருந்தன. பச்சை விளக்கில் எட்டு, சிவப்பு விளக்கில் எட்டு. 1.2 ஃபர்ம்வேர் (மாட்யூலின் உள் நிரல்) இவற்றோடு ஆரஞ்சு விளக்கில் இன்னும் எட்டைச் சேர்த்தது. வரிசைப்படி சொன்னால்: ஃபில்டருடன் கூடிய பழைய அலைவடிவங்கள், ஃபேஸ் டிஸ்டார்ஷன், ஆறு ஆபரேட்டர் எஃப்எம் (ஆபரேட்டர்கள் எனப்படும் ஆறு அலைகள் ஒன்றையொன்று அசைக்கும் முறை, இது மட்டும் மூன்று இடங்களைப் பிடித்துக்கொள்கிறது), வேவ் டெரெய்ன், ஸ்ட்ரிங் மெஷின், சிப்ட்யூன். நிறுவனர் எமிலி ஜிலே 2022ல் உற்பத்தியை முடித்துக்கொண்டார். ஆனால் நிரலும் சுற்று வரைபடமும் திறந்த உரிமத்தில் இருப்பதால் வேறு பலர் இதே மாட்யூலைச் செய்து விற்கிறார்கள். கைமாறி வரும் பழைய மாட்யூல்களும் ஏராளம். எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்று தெரியாமலே வாங்குபவர்கள் பலர்.

புதுப்பித்த பிறகு எழும் புகார்களில் பெரும்பகுதிக்கு மாட்யூல் காரணம் அல்ல. பிளெய்ட்ஸ் தன் துளைகளில் கேபிள் செருகியிருக்கிறதா இல்லையா என்பதைத் தானே கண்டறிகிறது. அதற்கேற்ப குமிழ்களின் வேலையை மாற்றிக்கொள்கிறது. பச்சை, சிவப்பு மாதிரிகளில் பழகிய கை அந்த மாற்றங்களை அறியும். ஆரஞ்சு வரிசையில் அவை வேறாக நடக்கின்றன, குறிப்பாக ட்ரிக் (ஒலியைத் தொடங்கச் சொல்லும் துடிப்பு வரும் இடம்), லெவல் (ஒலியளவைக் கட்டுப்படுத்தும் வோல்டேஜ் வரும் இடம்) என்ற இரண்டு துளைகளில். ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் திருப்புளியைத் தேடுவதற்கு முன் அந்த இரண்டு துளைகளைப் பாருங்கள். கீழே உள்ளதில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

எதற்கும் முன்பு: வெறும் மாட்யூல் சோதனை

எல்லாக் கேபிள்களையும் உருவிவிடுங்கள். அவுட் துளையிலிருந்து மிக்ஸருக்கு ஒரே ஒரு கேபிள் போதும். மூன்று சிறு குமிழ்களையும் (எஃப்எம், டிம்பர், மார்ஃப் ஆகியவற்றின் அட்டெனுவெர்ட்டர்கள், அதாவது துளையில் வரும் வோல்டேஜைக் குறைக்கவும் தலைகீழாக்கவும் உதவுபவை) நடுவில் வையுங்கள். பெரிய குமிழ்களையும் நடுவிலேயே விடுங்கள். பச்சை வரிசையின் முதல் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது ஓயாத ஒரே சுருதி கேட்க வேண்டும். ட்ரிக், லெவல் இரண்டும் காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் லோ பாஸ் கேட் (ஒலியின் அளவையும் பளிச்சென்ற தன்மையையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் வாயில்) திறந்தே இருக்கும். இந்தச் சுருதி கேட்டால் மின்சாரம், செயலி, வெளியீடு எல்லாம் நலம். கேட்காவிட்டால் மேற்கொண்டு படிப்பதற்கு முன் மிக்ஸரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்து ட்ரிக் துளையில் ஒரு கேபிளை மட்டும் செருகுங்கள். சுருதி நின்றுவிடும். ட்ரிகர் (குறுந்துடிப்பு) வரும்போது மட்டும் உள் என்வலப் (எழுந்து அடங்கும் கட்டுப்பாட்டு வடிவம்) அந்த லோ பாஸ் கேட்டைத் திறந்து ஒலி எழுந்து அடங்கும். இந்த இரண்டு நிலைகளையும் காதால் கேட்டு மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

"ஃபர்ம்வேர் ஏறவே மாட்டேன் என்கிறது"

பிளெய்ட்ஸுக்கு யுஎஸ்பி கிடையாது. புதிய நிரல் ஒரு வேவ் கோப்பாகக் கிடைக்கிறது. அதை ஒலியாக இயக்கி மாடல் துளைக்குள் அனுப்ப வேண்டும். எல்லாக் கேபிள்களையும் எடுத்துவிட்டு, கணினியின் ஆடியோ வெளியீட்டை மாடல் துளையில் செருகி, ஹார்மானிக்ஸ் குமிழை நடுவில் வைத்து, இடது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரத்தைக் கொடுங்கள். பிறகு கோப்பை இயக்குங்கள். வரும் ஒலியின் அளவை விளக்குகள் காட்டும். ஹார்மானிக்ஸ் குமிழால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இந்த ஒலி கரகரவென்று காதைக் கிழிக்கும். ஸ்பீக்கரையோ ஹெட்ஃபோனையோ அதே வெளியீட்டில் இணைத்து வைக்காதீர்கள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, செவிக்குக் கெடுதல் உண்மையானது.

நடுவில் விளக்குகள் சிவப்பாக மின்னினால் தரவு பழுதாகிவிட்டது என்று பொருள். பயப்பட வேண்டாம். ஏற்றும் வேலையைச் செய்யும் சிறு நிரல் தனியே பாதுகாப்பாக இருக்கிறது. பாதியில் நின்ற முயற்சி மாட்யூலைச் செல்லாததாக ஆக்கிவிடாது. பொத்தானை அழுத்தி, கோப்பை முதலிலிருந்து இயக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

திரும்பத் திரும்ப சிவப்பு வந்தால் காரணம் பெரும்பாலும் கணினிப் பக்கம்தான். ஒலி அளவு போதாமை முதல் காரணம். மேசைக் கணினியின் சாதாரண ஹெட்ஃபோன் துளையாக இருந்தால் ஒலியளவை உச்சத்துக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். இரண்டாவது, வழியில் நுழையும் ஈக்வலைசர். இயக்க முறைமையே பாஸை (தாழ்ந்த ஒலியை) கூட்டும் 'ஒலி மேம்பாடு' வசதியை வைத்திருக்கும். அதை அணைத்துவிடுங்கள். மூன்றாவது, நடுவில் டிங் என்று வரும் மின்னஞ்சல் அறிவிப்பு. அந்த ஒரு ஒலி போதும், முழு முயற்சியும் வீணாகும். கோப்பை எம்பி3யாக மாற்றி கைபேசியிலிருந்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். எம்பி3 காதுக்குத் தெரியாத விவரங்களைக் கழித்துவிடும். இங்கே அந்த விவரங்கள்தான் தரவு. புளூடூத் வழியாக அனுப்புவதும் அதே கதைதான். இவ்வளவும் பார்த்த பிறகும் சிவப்பு மின்னினால் வேறொரு கணினியையோ ஆடியோ இன்டர்ஃபேஸையோ முயன்று பாருங்கள்.

பிறர் தயாரித்த வடிவமாக இருந்தால் அதன் தயாரிப்பாளர் தரும் கோப்பையே பயன்படுத்துங்கள். திரையோ கூடுதல் பொத்தான்களோ உள்ள வடிவங்களின் உட்சுற்று மாறியிருக்கலாம்.

"ஏற்றி முடித்துவிட்டேன், ஆரஞ்சு நிறமே வரவில்லை"

மாட்யூலில் திரை இல்லை. பதிப்பு எண்ணைக் காட்டும் இடமும் இல்லை. நிறம் ஒன்றுதான் சாட்சி. பொத்தான்களால் எல்லா மாதிரிகளையும் ஒரு முழுச் சுற்று சுற்றிவந்த பிறகும் ஆரஞ்சு விளக்கு எரியவில்லை என்றால் பழைய நிரல்தான் ஓடுகிறது. கோப்பு பழைய பதிப்பாக இருந்திருக்கலாம், அல்லது ஏற்றம் முடியும் முன்பே மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கலாம்.

ஆரஞ்சைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை. பொத்தானை அழுத்திப் பிடித்தபடி குமிழைத் தொட்டுவிடாதீர்கள். இடது பொத்தானைப் பிடித்துக்கொண்டு டிம்பரைத் திருகினால் லோ பாஸ் கேட்டின் குணம் மாறும். மார்ஃபைத் திருகினால் அது அடங்கும் நேரம் மாறும். வலது பொத்தானோடு ஹார்மானிக்ஸைத் திருகினால் ஃப்ரீக்வென்சி குமிழின் வீச்சு மாறும். "புதுப்பித்த பிறகு எல்லா ஒலியும் டிக் டிக் என்று குறுகிவிட்டது", "சுருதிக் குமிழ் ஐந்தாறு சுரங்களுக்கு மேல் நகரவில்லை" என்ற இரண்டு புகார்களுக்கும் இதுவே காரணமாக இருப்பது வழக்கம். புதுப்பித்த அன்று பொத்தான்களை அதிகம் அழுத்துகிறோம், கை தவறி ஒன்று மாறிவிடுகிறது. அதே பொத்தானைப் பிடித்து அதே குமிழைத் திருப்பினால் பழைய நிலை திரும்பும்.

"ஆறு ஆபரேட்டர் எஃப்எம் ஓயாமல் ஒலிக்கிறது, பியானோ போல் அடங்கவில்லை"

இந்தப் பதிப்பை ஏற்றுவதற்கு இந்த மூன்று இடங்கள் மட்டுமே போதிய காரணம் என்பேன். யமஹா 1983ல் வெளியிட்ட டிஎக்ஸ்7இன் ஒலி அமைப்பு, அதாவது ஆறு ஆபரேட்டர்களும் அவற்றை இணைக்கும் 32 அல்காரிதங்களும், கையகல மாட்யூலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் 32 ஒலிகள். அதிகக் குழப்பமும் இங்கேதான்.

ட்ரிக் துளை காலியாக இருந்தால் இந்த மாதிரி ஒரே குரலாக நின்று ஒலிக்கும். அப்போது மார்ஃப் குமிழுக்கு ஓர் அபூர்வமான வேலை கிடைக்கிறது. அந்த ஒலியின் என்வலப்களில் நீங்கள் எந்தக் கணத்தில் நிற்கிறீர்கள் என்பதை அது தீர்மானிக்கும். இடப்பக்கம் தாக்குதலின் தொடக்கம், வலப்பக்கம் போகப்போக ஒலி முதிரும் கணங்கள். மின்பியானோ, மணி வகை ஒலிகளில் மார்ஃபை வலக்கோடிக்குக் கொண்டுபோனால் ஒலி மங்கிப்போகும். அந்தக் கணத்தில் மணியே அடங்கியிருக்கும் அல்லவா. "எஃப்எம் இடத்தில் சில ஒலிகள் கேட்கவே இல்லை" என்பவர்கள் முதலில் மார்ஃபை இடப்பக்கம் கொண்டுவந்து பாருங்கள். மெதுவாக நகரும் ஒரு எல்எஃப்ஓவை (ஏறி இறங்கும் கட்டுப்பாட்டு அலையை) மார்ஃபுக்கு அனுப்பி, ஒரு மணியோசைக்குள் முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். டிஎக்ஸ்7 வைத்திருந்தவர்களுக்கும் கிட்டாத அனுபவம் இது.

பியானோ போல் அடிக்க வேண்டுமானால் ட்ரிக்கில் கேபிள் வேண்டும். அதைச் செருகியதும் மார்ஃப் வேறு வேலைக்குப் போய்விடும். என்வலப்களை நீட்டும், சுருக்கும். நடுவிலிருந்து தொடங்குங்கள்.

"எஃப்எம்மில் பேட், ஸ்ட்ரிங்ஸ் வகை ஒலிகள் தலைகாட்டுவதற்குள் மறைந்துவிடுகின்றன"

சீக்வென்சரிலிருந்து (சுரங்களை வரிசையாக அனுப்பும் கருவியிலிருந்து) என்ன வருகிறது என்று பாருங்கள். மிகக் குறுகிய ட்ரிகர் வந்தால், சாவியைத் தொட்ட கணமே விரலை எடுத்ததற்குச் சமம். மெதுவாக எழும் ஒலிக்கு அந்த அவகாசம் போதாது. அதே சீக்வென்சரில் கேட் வெளியீடு (சாவி அழுத்தியிருக்கும் வரை நிற்கும் வோல்டேஜ், லோ பாஸ் கேட் அல்ல) இருந்தால் அதை ட்ரிக்கில் செருகி, கேட்டின் நீளத்தைக் கூட்டுங்கள். பச்சை, சிவப்பு வரிசைகளில் குறுகிய ட்ரிகரே போதுமாக இருந்ததால் இந்த வேறுபாடு பலருக்குத் தோன்றுவதே இல்லை.

"லெவல் துளையில் என்வலப் செருகியிருக்கிறேன், ஒலி அதைக் கேட்கவே இல்லை"

பச்சை மாதிரிகளில் லெவல் துளை லோ பாஸ் கேட்டைத் திறந்து மூடும். எனவே வெளி என்வலப்பை அங்கே செருகும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. ஆறு ஆபரேட்டர் எஃப்எம் தன் என்வலப்களைத் தானே கொண்டுவருகிறது. அதற்கு அந்தக் கேட் தேவையில்லை. அங்கே லெவல் என்பது சாவியை எவ்வளவு அழுத்தி அடித்தோம் என்ற அளவு, அதாவது வெலாசிட்டி.

ஆகவே அங்கே என்வலப்பை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் நிலையாக நிற்கும் ஒரு வோல்டேஜை அனுப்புங்கள். சீக்வென்சரின் இரண்டாவது சிவி (கட்டுப்பாட்டு வோல்டேஜ்) வரிசை இதற்குக் கச்சிதம். டிஎக்ஸ்7 ஒலிகளில் வெலாசிட்டி வெறும் சத்தத்தை மட்டும் கூட்டுவதில்லை. மாடுலேட்டர்களின் (மற்றவற்றை அசைக்கும் ஆபரேட்டர்களின்) அளவை மாற்றி ஒலியின் நிறத்தையே மாற்றும். மின்பியானோ மெல்ல அடித்தால் வட்டமாகவும் ஓங்கி அடித்தால் உலோகமாகவும் கேட்பது இதனால்தான். லெவலில் கேபிள் செருகி மறுமுனையில் 0 வோல்ட் வந்துகொண்டிருந்தால் எல்லா ஒலிகளும் மந்தமாகக் கேட்கும். மாட்யூல் பழுதாகிவிட்டது என்று விற்கக் கிளம்பாதீர்கள், கேபிளை உருவுங்கள்.

"ஹார்மானிக்ஸைத் திருகினால் ஒன்றும் மாறவில்லை" / "தானாக மாறிக்கொண்டே இருக்கிறது"

இரண்டும் ஒரே விஷயத்தின் இரு பக்கம். எஃப்எம் இடங்களில் ஹார்மானிக்ஸ் குமிழ் 32 ஒலிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. ட்ரிக்கில் கேபிள் இருந்தால் புதிய தேர்வு அடுத்த ட்ரிகரில்தான் நடைமுறைக்கு வரும். சீக்வென்சர் நின்றிருக்கும்போது குமிழை எவ்வளவு திருகினாலும் பலன் தெரியாது.

தானாக மாறுகிறது என்றால் ஹார்மானிக்ஸ் துளையில் ஏதோ வந்துகொண்டிருக்கிறது. கவனியுங்கள், டிம்பருக்கும் மார்ஃபுக்கும் இருப்பதுபோல் ஹார்மானிக்ஸுக்கு அட்டெனுவெர்ட்டர் கிடையாது. அங்கே வரும் எல்எஃப்ஓ முழு வலுவோடு இறங்கும். பச்சை மாதிரியில் அழகாக அசைந்துகொண்டிருந்த அதே பேட்ச் (கேபிள் இணைப்பு), எஃப்எம்முக்கு மாறியதும் ஆர்கனிலிருந்து மரிம்பாவுக்கும் அங்கிருந்து பிராஸுக்கும் தாவும். வெளியே ஓர் அட்டெனுவேட்டரை வைத்து அசைவைக் குறையுங்கள். அல்லது வேண்டுமென்றே அப்படியே விடுங்கள். ஒவ்வொரு தாளத்துக்கும் வேறு வாத்தியம் என்பது தாள வரிசைகளில் மிக அருமையாக வரும்.

"முந்தைய சுரம் அடுத்த சுரத்தின்மேல் படிகிறது"

கோளாறு அல்ல. ட்ரிக்கில் கேபிள் இருக்கும்போது எஃப்எம் மாதிரி இரண்டு குரல்களை மாறி மாறி இயக்குகிறது. ஒரு சுரம் அடங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது மற்றக் குரலில் பிறக்கும். வாலைக் குறைக்க வேண்டுமானால் மார்ஃபைத் திருகி என்வலப்களைச் சுருக்குங்கள்.

"என் சொந்த டிஎக்ஸ்7 பேங்கை ஏற்றினேன், குப்பையாக ஒலிக்கிறது"

இந்தப் பதிப்பில் எஃப்எம் இடங்களுக்கும் வேவ் டெரெய்னுக்கும் பச்சை வரிசையின் வேவ்டேபிளுக்கும் சொந்தத் தரவை ஏற்றலாம். எந்த மாதிரி தேர்வாகியிருக்கிறதோ அதன் இடத்தில்தான் தரவு போய் அமரும். எனவே மூன்று எஃப்எம் இடங்களில் எது என்பதைத் தரவு அனுப்பும் முன் உறுதி செய்யுங்கள்.

குப்பை ஒலிக்குக் காரணம் அநேகமாகக் கோப்புதான். பேங்க் என்பது ஒலிகளின் தொகுப்பு. 32 ஒலிகள் கொண்ட டிஎக்ஸ்7 சிஸ்எக்ஸ் (மிடி வழியே ஒலித் தரவை அனுப்பும் வடிவம்) கோப்பு சரியாக 4104 பைட் இருக்கும். ஒலிக்கு 128 பைட் வீதம் 4096, முன்னால் ஆறு பைட் தலைப்பு, பின்னால் சரிபார்ப்புக் கூட்டல் ஒன்று, முடிவுக் குறி ஒன்று. 163 பைட் கோப்பு என்றால் அதில் இருப்பது ஒரே ஓர் ஒலி, அது பேங்க் அல்ல. சரியாக 4096 இருந்தால் யாரோ தலைப்பை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிதாக இருந்தால் பல பேங்குகளை ஒன்றாக ஒட்டியிருக்கலாம், பிரித்தெடுக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் ஒலி குப்பையாக இருக்கிறதா? இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டிஎக்ஸ்21, டிஎக்ஸ்100, டிஎக்ஸ்81இசட் (TX81Z) போன்ற நான்கு ஆபரேட்டர் யமஹாக்களின் பேங்கும் அதே 4104 பைட்தான். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து நான்காவது பைட்டைப் பாருங்கள். 09 என்றால் ஆறு ஆபரேட்டர், உங்களுக்கு வேண்டியது அதுதான். 04 என்றால் நான்கு ஆபரேட்டர். அதை இந்த மாட்யூலில் ஏற்றிப் பயனில்லை. இணையத்தில் 'டிஎக்ஸ் ஒலிகள்' என்று குவியலாகக் கிடைக்கும் தொகுப்புகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. ஏற்றும் முன் கணினியில் டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, ஒலிகளின் பெயர்கள் ஒழுங்காகத் தெரிகின்றனவா, ஒலிகள் நன்றாக இருக்கின்றனவா என்று கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

"ஃபில்டர் மாதிரியில் சத்தமே இல்லை" அல்லது "மெலிந்து, பாஸே இல்லாமல் வருகிறது"

ஆரஞ்சின் முதல் இடம். இதில் டிம்பர் என்பது ஃபில்டரின் கட்ஆஃப், அதாவது அது வெட்டத் தொடங்கும் அதிர்வெண். பழைய மாதிரிகளில் டிம்பரை இடக்கோடிக்குக் கொண்டுபோனால் ஒலி மென்மையாகும். இங்கே ஒலியே போய்விடும். டிம்பர் துளையில் எதிர்மறை வோல்டேஜ் வந்தாலும் இதே விளைவுதான். நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

பாஸ் இல்லை என்றால் உங்கள் கேபிள் ஆக்ஸ் துளையில் (இரண்டாவது வெளியீட்டில்) இருக்கிறது. அவுட்டில் லோ பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்களை விடும் ஃபில்டர்), ஆக்ஸில் ஹை பாஸ் (உயர்ந்தவற்றை விடும் ஃபில்டர்). ஹார்மானிக்ஸ் இங்கே ரெசனன்ஸோடு (வெட்டும் இடத்தில் ஒலி எழும்பும் அளவோடு) ஃபில்டரின் குணத்தையும் மாற்றும். இடப்பக்கம் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரியும் சாதுவான ஃபில்டர், வலப்பக்கம் 12 டெசிபல் சரியும் முரட்டு ஃபில்டர். வலக்கோடியில் கீச்சிடுவது அதன் இயல்பு.

ஃபேஸ் டிஸ்டார்ஷனிலும் துளையைப் பார்க்க வேண்டும். அவுட்டில் அலை சுருதியோடு ஒத்திசைந்து ஓடும். ஆக்ஸில் கட்டின்றி ஓடும், ஆகவே சுருதி பிசகிய உலோக ஒலி வரலாம். பாடலுக்கு இசைய வேண்டுமானால் அவுட்டை எடுங்கள். வேவ் டெரெய்ன் ஒலி மெலிந்திருந்தால் டிம்பரைக் கூட்டுங்கள். நிலப்பரப்பின்மீது ஓடும் பாதையின் ஆரம் அது.

"ஸ்ட்ரிங் மெஷினில் கார்டின் பாதிச் சுரங்கள் அமுங்கிக் கேட்கின்றன"

கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. அவுட்டில் முதலாவது, மூன்றாவது குரல்களும் ஆக்ஸில் இரண்டாவது, நான்காவது குரல்களும் மேலோங்கி வரும். இரண்டையும் மிக்ஸரில் இடமும் வலமுமாக வையுங்கள். ஒற்றைக் கேபிளோடு இந்த மாதிரியை எடைபோட்டு ஒதுக்கிவிட்டவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு வெளியீடுகளையும் விரித்து, டிம்பரை நடுவுக்கு மேல் கொண்டுபோனால் எழுபதுகளின் ஸ்ட்ரிங் கீபோர்டு அறை முழுவதும் பரவும்.

"சிப்ட்யூனில் நான் எழுதிய மெட்டு வேறு சுரங்களாக வருகிறது"

இதுவும் ட்ரிக் துளையின் வேலை. ட்ரிக் காலியாக இருந்தால் சிப்ட்யூன் ஒரு கார்டை முழுதாக ஒலிக்கும். கேபிள் செருகினால் அந்தக் கார்டு ஆர்பெஜியோவாக, அதாவது ஒவ்வொரு சுரமாக, உடையும். வரும் ஒவ்வொரு ட்ரிகரும் அதை ஓர் அடி நகர்த்தும். சீக்வென்சரிலிருந்து சுரத்தையும் ட்ரிகரையும் சேர்த்தே அனுப்பும்போது, உங்கள் சுரம் ஒன்று, அதன்மேல் ஆர்பெஜியோவின் நகர்வு ஒன்று என்று இரண்டும் கூடிவிடும்.

மெட்டு அப்படியே வேண்டுமானால் ட்ரிக்கை உருவிவிட்டு, வெளி என்வலப்பை லெவலில் செருகுங்கள். இந்த மாதிரியில் லெவல் பழைய வழக்கப்படியே ஒலியைத் திறந்து மூடும். அல்லது ட்ரிக்கை அப்படியே விட்டு, ஹார்மானிக்ஸை இடக்கோடிக்குக் கொண்டுபோய் ஆக்டேவ் கார்டில் நிறுத்துங்கள். சுரம் மாறாது, ஆக்டேவ் மட்டும் தாவும். பழைய வீடியோ விளையாட்டு இசைக்கு இந்தத் தாவல்தான் உயிர்.

ஆர்பெஜியோ ஒலிக்கும்போது ஒவ்வொரு சுரமும் எப்படி அடங்க வேண்டும் என்பதை டிம்பரின் சிறு குமிழ் தீர்மானிக்கிறது. டிம்பர் துளை காலியாக இருந்தால் மட்டுமே அது இந்த வேலையைச் செய்யும். அங்கே கேபிள் செருகிவிட்டு என்வலப்பைக் காணோம் என்று தேடாதீர்கள். ஆக்ஸில் நின்டெண்டோ எந்திரத்தின் முக்கோண அலை தனியாக வருகிறது. பாஸுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஒவ்வொரு சுரமும் வழுக்கிக்கொண்டு வருகிறது"

எஃப்எம் துளை (ஆறு ஆபரேட்டர் எஃப்எம் மாதிரி அல்ல, சுருதியை அசைக்கும் துளை) காலியாகவும் ட்ரிக் செருகியும் இருந்தால், எஃப்எம்மின் சிறு குமிழ் உள் என்வலப்பைச் சுருதிக்கு அனுப்பும். அந்தக் குமிழை நடுவில் வையுங்கள். டிம்பர், மார்ஃப் சிறு குமிழ்களும் இதே விதிக்கு உட்பட்டவை. ட்ரிக் செருகியதும் ஒலியின் நிறம் தானாக அசையத் தொடங்கினால் அவற்றையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மேளத்தின் அடிபோல் சுருதி சட்டென்று இறங்க வேண்டுமானால் இதே குமிழைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் போதும்.

"மாடல் துளையில் சிவி கொடுத்தாலும் மாதிரி மாறத் தாமதிக்கிறது"

ட்ரிக் செருகியிருக்கும்போது மாதிரி மாற்றம் அடுத்த ட்ரிகர் வரை காத்திருக்கும். ஒலியின் நடுவே மாதிரி மாறி வெடிப்பொலி எழாமல் இருக்க இப்படிச் செய்திருக்கிறார்கள். உடனுக்குடன் மாற வேண்டுமானால் ட்ரிக்கை உருவுங்கள்.

"எதைச் செய்தும் தீரவில்லை, உண்மையிலேயே பழுதா?"

ஒரு நல்ல வழி இருக்கிறது. விசிவி ரேக் என்ற இலவச மென்பொருளில், ஆடிபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தொகுப்பில், மேக்ரோ ஆசிலேட்டர் 2 என்ற பெயரில் இதே நிரல் ஓடுகிறது. அங்கே மாதிரிகளைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம். எந்த நிறம், எத்தனையாவது விளக்கு என்ற குழப்பம் இல்லை. உங்கள் மாட்யூலில் எந்தத் துளைகளில் கேபிள் இருக்கிறதோ அதே துளைகளில் அங்கும் செருகி, குமிழ்களை அதே இடத்தில் வைத்துக் கேளுங்கள். கணினியிலும் அதே நடத்தை என்றால் அது நிரலின் இயல்பு, மேலே சொன்னவற்றில் ஒன்றாக இருக்கும். கணினியில் சரியாகவும் மாட்யூலில் தவறாகவும் இருந்தால்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

சுருதி மட்டும் மேலே போகப்போக விலகினால் அளவுத்திருத்தம் தேவைப்படலாம். இதைக் கடைசிப் படியாக வையுங்கள், ஏனெனில் தவறான வோல்டேஜைக் கொடுத்துத் திருத்தினால் இருந்த சுருதியும் போய்விடும். வி/ஆக்டேவ் (சுருதிக்கான வோல்டேஜ் வரும் துளை) தவிர எல்லாத் துளைகளையும் காலி செய்து, இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி அந்த நிலைக்குப் போய், முதலில் 1 வோல்ட், பிறகு 3 வோல்ட் என்று கொடுக்க வேண்டும். அந்த வோல்டேஜ்களைச் சீக்வென்சரின் திரையை நம்பிக் கொடுக்காமல் மல்ட்டிமீட்டரால் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். சீக்வென்சரே விலகியிருந்தால் திருத்த வேண்டியது அதைத்தான்.